குதிரைக்குக் காப்புறுதி இல்லை

தண்ணீரில் மிதக்காத ஒரு படகுக்குத் தூசி தட்டுவதற்காக என் மனுஷன் சனிக்கிழமை தோறும் முகச்சவரம் செய்துகொண்டு போனார். கல்யாண வீட்டுக்குப் போவதென்றாலும் நான் தொண்டை கிழியக் கத்தினால்தான் சவரம் செய்கிற ஆள். படகு என்றதும் கண்ணாடிக்கு முன்னால் நின்று கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். நான் பின்னால் நின்று, "படகு உங்களைப் பொம்பிளை பாக்கப் போகுதோ?" என்று கேட்டேன்.

அந்தப் படகு ஒரு திறந்தவெளி அருங்காட்சியகத்தில் இருந்தது. ரொறன்ரோவின் வடக்கு ஓரம். மில்லிக்கனில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து காரில் போனால் அதிக தூரமில்லை. எங்கெங்கோ இடிக்கவிருந்த பழைய வீடுகளையும் கடைகளையும் பெயர்த்துக்கொண்டு வந்து ஒரு புல்வெளியில் நட்டு வைத்து, நடுவே ஒரு வாய்க்காலை வெட்டி, அதன் கரையில் இந்தப் படகைத் தூக்கி வைத்திருந்தார்கள். ஒரு காலத்தில் கால்வாய் வழியாக மாவும் மரமும் ஏற்றிப் போன படகாம். இயந்திரமும் கிடையாது, பாயும் கிடையாது. கரையோரமாகக் குதிரை நடக்கும், குதிரையில் கட்டிய கயிற்றில் படகு பின்னால் இழுபட்டுப் போகும். பக்கத்தில் ஒரு கொல்லன் பட்டறையும் வைத்திருந்தார்கள். படகுக்கு வேண்டிய ஆணி, வளையம், கொக்கி எல்லாம் அந்தக் காலத்தில் எப்படி அடித்தார்கள் என்று அங்கே காட்டுவார்கள்.

இதைப் பார்க்கச் சனம் ரிக்கெற் எடுத்துக்கொண்டு வருகிறது. தெருவுக்கு அந்தப் பக்கம் பெரிய கடைத்தொகுதி, புதுச் சாமான்கள் குவிந்து கிடக்கின்றன. அதை விட்டுவிட்டு இங்கே வந்து ஒரு துருப்பிடித்த ஆணியைச் சுற்றி நின்று வாயைப் பிளப்பார்கள். தங்கள் வீட்டுக் கராஜில் ஆணி துருப்பிடித்தால் அள்ளிக் குப்பையில் போடுகிற ஆட்கள்தான் இவர்கள்.

என் மனுஷன் அங்கே போய்ச் சேர்ந்த கதையையும் சொல்ல வேண்டும். ஒஷாவாவில் கார்க் கதவுகளுக்குத் தகடு அழுத்திக் கொடுக்கும் ஒரு சிறிய தொழிற்சாலையில், கனடா வந்த காலத்திலிருந்து அவர் வேலை செய்தார். அதை ஒரு நாள் மூடினார்கள். மூடும்போது கேக் வெட்டினார்களாம். கேக்கில் ஒரு துண்டை மட்டைப் பெட்டியில் வைத்து வீட்டுக்கும் கொடுத்துவிட்டிருந்தார்கள். நான் அதைப் பின்வளவு அணில்களுக்குப் போட்டேன்.

அன்றைக்குப் பேஸ்மென்ற்றுக்குள் இறங்கியவர்தான். ஒரு சாய்வு நாற்காலி, கால்மேல் ஒரு போர்வை, முன்னால் தொலைக்காட்சி. அதில் யாரோ இரண்டு பேர் இலங்கை அரசியலைப் பற்றித் தொண்டை வற்றக் கத்திக்கொண்டிருப்பார்கள். இவர் அதைக் கேட்கவும் மாட்டார், நிறுத்தவும் மாட்டார். சாப்பாட்டைக் கீழே கொண்டுபோய் வைத்தால் அப்படியே ஆறிக் கிடக்கும். "மகாராசா கீழ கொலுவிருக்கிறார், நான் மேல நிண்டு சேவகம் செய்யிறன்" என்று குத்திக் காட்டிப் பார்த்தேன். பதில் வரவில்லை. முன்பெல்லாம் நான் ஒன்று சொன்னால் இரண்டாகத் திருப்பித் தருகிற மனுஷன்.

அந்த மௌனம் எனக்குப் பயமாக இருந்தது. அவரோடு ஒரே ஷிஃப்ற்றில் வேலை செய்த ஒருவர், தொழிற்சாலை மூடிய பிறகு இதேமாதிரி நாற்காலியில் இருந்து இருந்து, ஒரு நாள் எழும்பாமலே போய்விட்டார். செத்தவீட்டுக்கு இரண்டு பேரும் போனோம். திரும்பி வரும்போது காரில் இவர், "நல்ல சாவு. ஒருத்தருக்கும் கரைச்சல் இல்லை" என்றார். பெருமூச்சு விட்டுச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. கடையில் நல்ல கத்தரிக்காய் கண்டவர் மாதிரிச் சொன்னார். அன்றிலிருந்து எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. பேஸ்மென்ற் படிகளில் காலடிச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன்.

எங்கள் மகள் டவுன்ரவுணில் இருக்கிறாள். அவள்தான் இணையத்தில் தேடி, அருங்காட்சியகத்துக்குத் தொண்டர்கள் தேவை என்ற அறிவித்தலைக் கண்டுபிடித்தாள். "அப்பா, ஜஸ்ற் வன் சற்றர்டே. பிடிக்காட்டி விடுங்கோ, ஓகே?" என்றாள். மகள் கேட்டால் அவர் மறுக்க மாட்டார். போனார். அடுத்த சனிக்கிழமையும் போனார். பிறகு வெள்ளிக்கிழமையே சேர்ட்டை எடுத்து வைக்கத் தொடங்கினார்.

வாழ்நாள் முழுக்க இரும்போடு மாரடித்த மனுஷன், அதிலிருந்து விடுதலை கிடைத்ததும் போய் இலவசமாக இரும்போடு மாரடிக்கிறார். எங்கள் முதியோர் சங்கத்தில் கரம்போட் விளையாடியிருக்கலாம். கோவிலில் அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டியிருக்கலாம். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று சொல்ல மாட்டேன், அது என் பழக்கமில்லை. ஆனாலும் சனிக்கிழமைகளில் வேளைக்கு எழும்பிப் புட்டு அவித்து, சம்பலோடு ஒரு பெட்டியில் கட்டிக் கொடுத்தேன். அந்தப் பெட்டி பின்னேரம் வெறுமையாகத் திரும்பி வந்தது.

ஒரு நாள் என்னையும் வந்து பார்க்கச் சொன்னார். போய்ப் பார்த்தேன். பட்டறையில் தோல் ஏப்ரன் கட்டிக்கொண்டு, கையில் சுத்தியலோடு ஒரு வெள்ளைக்காரர் நின்றார். ஓய்வுபெற்ற வங்கி மனேஜராம். எத்தனை பேருடைய வீட்டுக் கடனுக்கு முடியாது என்று சொல்லியிருப்பாரோ, இப்போது கரிப்புகையில் நின்று வியர்வை வழியப் பாட்டாளியாகிவிட்டார். அவர் சுத்தியலை ஓங்கினால் பொறி பறக்கும், பிள்ளைகள் கை தட்டுவார்கள். அரைமணி நேரம் அடித்து முடிவில் ஒரு கொக்கியை நிமிர்த்திக் காட்டினார். அதுவும் கோணல்.

அவருக்குப் பக்கத்தில் என் மனுஷன். தோளிலே வார் போட்ட தொளதொளத்த காற்சட்டை, மேலே ஒரு கையில்லாத கோட்டு, தலையில் வைக்கோல் தொப்பி. அறுபது தாண்டிய யாழ்ப்பாணத்து ஆளுக்கு அந்த வேஷம், பள்ளிக்கூட நாடகத்தில் ஆள் காணாமல் துரையாக்கி விட்டதுபோல இருந்தது. என்னைக் கண்டதும் தொப்பியைத் தொட்டு, தலையைக் குனிந்தார். எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

பெண்களுக்கும் வேஷம் இருந்தது. நிலத்தைக் கூட்டும் பாவாடை, ஏப்ரன், தலையில் குஞ்சம் வைத்த துணித்தொப்பி. அப்படி ஒருத்தி எங்களை இருட்டு அறைக்குள் கூட்டிப்போய் மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றினாள். மின்சாரம் இல்லாமல் வாழ்வதைக் கற்பனை செய்து பாருங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னாள். பிள்ளைகள் "ஓ" என்றன. எனக்குக் கற்பனை தேவைப்படவில்லை. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, மண்ணெண்ணெயும் இல்லை, சவர்க்காரமும் இல்லை. ஜாம் போத்தலில் தேங்காயெண்ணெய் சொட்டு விட்டுத் திரி போட்டுப் பரீட்சைக்குப் படித்தவள் நான். இவர்கள் நூற்றாண்டுக்கு முந்திய அதிசயம் என்று காட்டுவதெல்லாம் நான் விமானம் ஏறித் தப்பி வந்த சங்கதிகள். அதைத் திரும்பக் காட்டுவதற்கு வாசலில் ரிக்கெற் வேறு.

அங்கே தொண்டர்களைப் பொறுப்பாகப் பார்ப்பவள் ஓர் இளம் பெண். எப்போதும் சிரித்த முகம். ஒவ்வொரு வசனத்தையும் 'ஸொறி' என்றுதான் தொடங்குவாள். ஸொறி, இந்தப் பக்கம் வாருங்கள். ஸொறி, உங்களைச் சந்தித்ததில் சந்தோஷம். இந்த நாட்டில் முப்பது வருஷம் வேலை செய்த எனக்கு அந்த ஸொறியைத் தெரியும். அது கத்தியைத் துடைக்கிற துணி.

இவரும் பட்டறையில் அடிக்கப் பழகி, வாரத்துக்கு ஒரு கொக்கி வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டில் தொங்கவிட அவ்வளவு சாமான் இல்லை. "இன்னும் ரெண்டு கொண்டுவந்தால் என்னைத் தொங்கவிடலாம்" என்றேன். "உம்மைத் தாங்கிற கொக்கி அடிக்க இன்னும் பழகேல்லை" என்றார். நான் கோபித்த மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டேன். அங்கே நின்று கொஞ்ச நேரம் அழுதேன். அவர் திருப்பிப் பேசத் தொடங்கிவிட்டார்.

பிறகுதான் இந்தச் சுக்கான் விவகாரம் வந்தது. சுக்கானைத் திருப்புவதற்குப் படகின் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு நீளத் தடி இருக்கிறது. பனிக்காலம் முழுவதும் இவர் அந்தத் தடிக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். அதைப் பிணைக்கிற இரும்புப் பூண்களை மனேஜரோடு சேர்ந்து அடித்தார். திருத்தம் முடிந்து, கோடையில் படகை முதல்முறையாகத் தண்ணீரில் இறக்குவதற்கு ஒரு விழா வைத்தார்கள். தொண்டர்களுக்குப் பொறுப்பான அந்தப் பெண் இவரிடம், அன்றைக்குச் சுக்கானை நீங்களே பிடியுங்கள் என்று சொல்லிவிட்டாள்.

அன்று பின்னேரம் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்கு வந்தார். "இஞ்சாரும், சுக்கான் எனக்குத்தான் தந்திருக்கு."

"நீங்கள் என்ன கப்பல்காரரோ? நயினாதீவுக்குப் போகேக்க என்ர மடியில தலையை வைச்சுச் சத்தி எடுத்த ஆள்."

"அது கடல். இது வாய்க்கால்."

அன்றிலிருந்து இருப்பறையில் தும்புத்தடியைக் கமக்கட்டில் இடுக்கிக்கொண்டு பயிற்சி நடந்தது. தடியை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்புமாம். தள்ளிவிட்டு, திரும்புகிற படகை மனதுக்குள் பார்த்துக்கொண்டு நிற்பார். நான் வீடு கூட்டுவதற்குத் தும்புத்தடியைக் கேட்டுக் கெஞ்ச வேண்டியிருந்தது. எங்கள் ஆட்களுக்கு ஒரு விசேஷம் என்றால் பார்க்க ஆள் வேண்டும் அல்லவா, இவரும் சொந்தக்காரர் எல்லோருக்கும் ரெலிபோன் எடுத்தார். பாதிப் பேருக்கு அன்றைக்குத்தான் வேறு எங்கோ பிறந்தநாள் விழா இருந்தது. வந்தவள் என் தங்கச்சி மட்டும்தான். எதையும் கண்ணால் பார்ப்பதில்லை அவள், கைபேசியால்தான் பார்ப்பாள்.

விழா அன்று இவர் விடியவே போய்விட்டார். போகும்போது குளிர்சாதனப் பெட்டியிலிருந்து தேசிக்காய்களை அள்ளிக்கொண்டு போனதைக் கண்டேன். வெயிலுக்குத் தண்ணீர் கரைக்க என்று நினைத்தேன். நானும் தங்கச்சியும் போனபோது, இரும்புச் சில்லுகள் பூட்டிய ஒரு பெரிய தட்டின்மேல் படகு ஏறி நின்றது. தண்ணீருக்குள் இறங்குகிற தண்டவாளத்தில் அந்தத் தட்டை நிறுத்தியிருந்தார்கள். ஒவ்வொரு சில்லுக்கும் முன்னால் ஒரு தேசிக்காய். படகின் முகப்பில் சந்தனம், அதன் நடுவில் குங்குமம்.

புதுக் கார் வாங்கினால் கோவிலடியில் சில்லுக்குத் தேசிக்காய் வைத்து நசித்துவிட்டுத்தான் நாங்கள் ஓட்டத் தொடங்குவோம். சில்லு உள்ளதெல்லாம் எங்களுக்கு வாகனம்தான். ஆனால் இவர் சாமி, பூசை என்று அலைகிற ஆள் இல்லை. எங்கள் காருக்கே நான்தான் வைத்தேன். அங்கே தொப்பி போட்டு நின்றவர்கள் எல்லோரும் சனிக்கிழமைக்கு ஒரு விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். இவர் ஒருவர்தான் அந்தப் படகு நல்லபடியாகப் போய் வர வேண்டும் என்று உண்மையாகவே கவலைப்பட்டிருக்கிறார்.

அந்தப் பெண் வந்தாள். கூடவே வெள்ளைக் கையுறை போட்ட ஒருவர். ஸொறி, இது பாதுகாக்கப்பட்ட பொருள். ஸொறி, தேசிக்காய்ப் புளி இரும்பை அரித்துவிடும். ஸொறி, இந்த நிறம் மரத்துக்குள் இறங்கினால் எடுக்க முடியாது. எத்தனையோ மழையும் பனியும் தின்று தீர்க்காத இரும்பை எங்கள் வீட்டுத் தேசிக்காய் தின்றுவிடப் போகிறதாம். கையுறைக்காரர் காது குடைகிற பஞ்சுக்குச்சியால் பொட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்தார். தேசிக்காய்களை ஒரு பிளாஸ்ரிக் பையில் போட்டு, முடிச்சுப் போட்டு, இவர் கையிலேயே கொடுத்தார். இவர் தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிறகு அவள் இவரைத் தள்ளிக் கூட்டிப்போய்ச் சிரித்துச் சிரித்துப் பேசினாள். எனக்குக் கேட்கிற தூரம்தான். இழுக்க வரவேண்டிய குதிரை வந்துவிட்டது, ஆனால் யாரையாவது உதைத்தால் நட்டஈடு கொடுக்கக் குதிரைக்குக் காப்புறுதி இல்லை. அதனால் தொண்டர்களே கரையில் நின்று கயிற்றை இழுக்கப் போகிறார்கள். நீங்கள் பலமானவர், நீங்கள் கயிற்றுக்கு வந்தால் நல்லது. ஸொறி, சுக்கானை இன்றைக்கு மட்டும் மற்றவர் பிடிக்கட்டும். மற்றவர் என்றால் மனேஜர்.

"இற்ஸ் ஓகே, இற்ஸ் ஓகே" என்றார் இவர். ஆங்கிலத்தில் அவருக்கு எல்லாம் இற்ஸ் ஓகேதான். காலில் காரை ஏற்றினாலும் அதைத்தான் சொல்வார்.

ஒன்றும் கேட்காதவள் மாதிரி நான் கிட்டப் போனேன். "என்னவாம்?"

"ஒண்டுமில்லை. கயிறு இழுக்க ஆள் காணாதாம்."

"அப்ப சுக்கான்?"

"ஆர் பிடிச்சால் என்ன" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இழுத்தார்கள். வரிசையில் முதல் ஆள் இவர். தோளிலே கயிறு, கழுத்து நரம்பு புடைக்க, குனிந்து குனிந்து கரையோரமாக நடந்தார். உண்மையான குதிரை ஒரு மரத்தடியில் நின்று புல் மென்றுகொண்டு இவர்களைப் பார்த்தது.

"அக்கா, அத்தான் சுக்கான் எண்டெல்லே சொன்னவர்? உது என்ன குதிரை வேலை?" என்று தங்கச்சி கேட்டாள். கைபேசி படம் பிடித்துக்கொண்டிருந்தது.

"உனக்கென்ன தெரியும்? கயிறு இல்லாட்டிப் படகு அசையாது. உந்தப் படம் எடுக்கிறதை நிப்பாட்டு முதல்."

அவள் நிறுத்தவில்லை. பாரிஸ், லண்டன், சிட்னி என்று எங்கள் குடும்ப வட்ஸ்அப் முழுவதும் அன்றைக்கே பார்த்து முடித்தது.

மனேஜர் பின்னால் நின்று தடியைப் பிடித்தார். ஒரு இடியாவது இடித்துத் தொலைக்கட்டும் என்று எனக்குத் தெரிந்த தெய்வங்களையெல்லாம் கேட்டேன். இடிக்கவில்லை. படகு வெண்ணெயில் கத்தி போவதுபோலப் போய் வளைவிலும் அழகாகத் திரும்பியது. சனம் மனேஜருக்குக் கை தட்டியது, அவர் தொப்பியைத் தூக்கிக் காட்டினார். கயிற்றுக்காரர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு புல்லில் குந்தினார்கள். அவர்களைப் பார்த்து யாரும் கை தட்டவில்லை.

வீட்டுக்கு வரும்போது, "நல்லாய்த்தான் பிடிச்சார்" என்று மட்டும் சொன்னார். தேசிக்காய்ப் பையை மேசையில் வைத்துவிட்டு, நேராகப் பேஸ்மென்ற்றுக்கு இறங்கினார். கொஞ்ச நேரத்தில் அந்த இரண்டு பேரும் அரசியல் கத்துகிற சத்தம் கேட்டது.

அடுத்த சனிக்கிழமை அவர் சவரம் செய்யவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் இல்லை. கீழே கொண்டுபோன சோறு பழையபடி ஆறிக் கிடந்தது. அந்தப் பெண் ரெலிபோனில் தகவல் வைத்தாள். முதல் சொல் என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை. மகள் எடுத்துக் கதைத்தாள். இவர் ஓம், ஓம் என்றார், வைத்துவிட்டார். நான் அந்த மியூசியத்தையும் மனேஜரையும் கையுறைக்காரரையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஒரு சுக்கான் தடிக்காக முகத்தைத் தொங்கப்போடுகிறார் என்று இவரையும் திட்டினேன். படிகளில் காலடிச் சத்தம் கேட்கவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை காலையில் கீழே இறங்கிப் போனேன்.

"இஞ்சாருங்கோ, இண்டைக்குச் சனிக்கிழமை."

"தெரியும்."

"போகேல்லையோ?"

"என்னை அங்க என்னத்துக்கு? உவங்களுக்கு ஒரு குதிரை இருந்தால் காணும்."

"குதிரைக்குக் காப்புறுதி இல்லையெல்லே, உங்களுக்கு இருக்கு. எழும்புங்கோ."

அவர் சிரிக்கவில்லை. தொலைக்காட்சியைப் பார்த்தபடியே, "உமக்கென்ன, மேல நிண்டு நக்கலடிக்கலாம். அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு அவங்களுக்கு முன்னால ஒருநாள் நிண்டு பாரும், அப்ப தெரியும். நீர் வந்தால் நானும் வாறன்" என்றார்.

நான் வரமாட்டேன் என்று தெரிந்துதான் சொன்னார். அந்தத் துணித்தொப்பியைப் பற்றி ஒரு வருஷமாக நான் சொன்னதெல்லாம் அவர் காதில் இருந்தது. பேச்சை முடிப்பதற்கு அவருக்குக் கிடைத்த வழி அது. சொல்லிவிட்டுச் சத்தத்தைக் கூட்டினார். தாடி வெள்ளையாக வளர்ந்திருந்தது, போர்வை காலைச் சுற்றிக் கிடந்தது. அந்த நாற்காலி அவரை இருந்த இடத்திலேயே தின்று முடித்துவிடும் என்று நினைத்தேன்.

"கார்த் திறப்பை எடுங்கோ" என்றேன்.

மியூசியத்தில் அந்தப் பெண்ணுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஸொறி, எந்த அளவு என்று கேட்டு உடுப்பை எடுத்துத் தந்தாள். சாக்கு நிறத்தில் பாவாடை. பால்குடிப் பிள்ளைக்குப் போடுகிற தொப்பியைப் பெரிய மனுஷி அளவில் தைத்த மாதிரி ஒரு தொப்பி. நாடிக்குக் கீழே நாடாவால் முடிய வேண்டும். ஸொறி, அந்தக் காலத்தில் நெற்றியில் இப்படி இருந்திருக்காது, பொட்டை மட்டும் எடுக்க முடியுமா என்று கேட்டாள். "நோ" என்றேன். அவளுக்குக் கொஞ்ச நேரம் சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு என்னைக் கொல்லன் பட்டறைக்கு எதிரே கொண்டுபோய் விட்டாள். மரத்தொட்டி, உடுப்புத் தோய்க்கிற பலகை, சவர்க்காரக் கட்டி, ஒரு சட்டை. அந்தச் சட்டையில் அழுக்கே இல்லை. பார்க்க ஆட்கள் வரும்போதெல்லாம் அதையே நனைத்துத் தோய்த்துப் பிழிய வேண்டும். இயந்திரத்தில் உடுப்புத் தோய்க்கத்தான் கனடா வந்தேன் என்று முன்னொரு காலத்தில் பகிடியாகச் சொல்வேன்.

குனிந்து தோய்த்துக்கொண்டிருந்தேன். பட்டறையில் சுத்தியல் சத்தம் நின்றது. நிமிர்ந்து பார்த்தால் வாசலில் இவர். முதலில் ஆளை மட்டுக்கட்ட முடியவில்லை போலும், கண்ணைச் சுருக்கினார். பிறகு தோள் குலுங்கத் தொடங்கியது. வாசல் தூணைப் பிடித்துக்கொண்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டார். மனேஜர் ஓடிவந்து என்ன நடந்தது என்று கேட்டார், இவரால் பேச முடியவில்லை, விரலை மட்டும் என் பக்கம் நீட்டினார். கண்ணீர் வழிந்து கரிபூசின கன்னத்தில் கோடு விழுந்தது.

தொழிற்சாலை மூடிய பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கண்டதில்லை. நான் முறைத்தேன், அவர் இன்னும் கூடச் சிரித்தார். சுற்றிநின்ற பிள்ளைகளும் ஏன் என்று தெரியாமலே சேர்ந்து சிரித்தன. சிரிக்கட்டும் என்று தொப்பியை இன்னும் கொஞ்சம் கோணலாக இழுத்துவிட்டு, அந்தச் சட்டையைத் திரும்பவும் தண்ணீருக்குள் போட்டேன்.